வெட்டின நெல் வீடு வந்து சேருமுன்: வாசகர் கேள்வி பதில்

பெரும்போக வெட்டு நடக்கிற காலம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி நெல்லைப் பற்றியவை. விளைச்சலைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, விளைந்தது கைக்கு வந்தபிறகு என்ன ஆகிறது என்று கேட்டவர்களே அதிகம். பூச்சிக்கும் பசளைக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது, வெட்டின நெல்லுக்கு யாரைக் கேட்பது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அதனால் இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அதற்கே விட்டுவிடுகிறேன்.

தம்பலகாமத்தில் இருந்து ஒரு வாசகர்: ஐயா, எங்கள் வயலுக்கு வெட்டும் மெஷின் இரவில்தான் கிடைத்தது. விடியப்புறம் வெட்டி உரப்பையில் கட்டி வரம்போரம் அடுக்கினோம். வியாபாரி மூன்றாம் நாள்தான் லொறியோடு வந்தார். மூடைக்குள் கையை விட்டால் சூடாக இருந்தது. நெல் மஞ்சளாகிவிட்டது என்று விலையைக் குறைத்துவிட்டார். விதையில் ஏதும் கோளாறா?

விதையில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. வெட்டின பிறகும் நெல் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. ஈரம் கூடக் கூட அந்த மூச்சு வேகமாகிறது, மூச்சு விடும்போது சூடும் தண்ணீரும் வெளியேறுகின்றன. பரப்பி வைத்த நெல்லில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். உரப்பைக்குள் இறுக்கிக் கட்டினால் எங்கே போகும்? உள்ளேயே தங்கும், தங்கிய சூடும் ஈரமும் பூஞ்சணத்துக்கு நல்ல இடமாகிவிடும், பூஞ்சணமும் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். இரண்டு நாளில் அரிசி உள்ளேயே மஞ்சளடிப்பது இப்படித்தான். அந்த மஞ்சள் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் போகாது, அதனால்தான் வியாபாரி ஒரு பிடி நெல்லை உரசிப் பார்த்தவுடன் விலையைக் குறைக்கிறார்.

வெட்டும் பருவத்தில் நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 வீதம் ஈரம் இருக்கும். இருக்கவும் வேண்டும், அதற்குக் கீழே போகும்வரை வயலில் விட்டால் கதிரில் இருந்து மணி உதிரத் தொடங்கிவிடும். விடியப்புறம் வெட்டியதால் அதோடு பனியும் சேர்ந்திருக்கிறது. இப்படி வந்த நெல்லை 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்க வேண்டும் என்பது உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிற கணக்கு. நீங்கள் மூன்றாம் நாள்வரை மூடையில் வைத்திருந்தீர்கள்.

ஆனால் உங்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கையால் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். தாக்கத்தியால் வெட்டி உப்பட்டியாகப் போட்டு, வெயிலில் காயவிட்டு, கட்டுக் கட்டிச் சூடு வைத்து, அதாவது கதிர்க் கட்டுகளைப் போராகக் குவித்து, அப்புறம்தான் சூடடிப்பார்கள். அதிலும் சேதம் இருந்தது, எலிக்கும் பறவைக்கும் உதிர்வுக்கும் நிறையப் போனது, மழை பெய்தால் சூட்டுக்குள்ளேயே முளைத்தும் போனது. ஆனால் மழையில்லாத வருடத்தில் நெல் களத்துக்கு வரும்போது பாதி காய்ந்தே வந்தது. மெஷின் வந்தபிறகு பல நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. கூலியாள் கிடைக்காத காலத்தில் மெஷின் இல்லாமல் எவராலும் வேளாண்மை செய்ய முடியாது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் இடையில் இருந்த அந்தக் காயும் நாட்கள் போய்விட்டன, அந்த இடத்துக்கு நாம் எதையும் கொண்டுவரவில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் ஒரே திகதியில் திறக்கப்படுகிறது, எல்லோரும் ஒரே கிழமையில் விதைக்கிறோம், எல்லோருக்கும் ஒரே கிழமையில் விளைகிறது, மெஷினுக்கு வரிசை, லொறிக்கு வரிசை, காயப்போட மட்டும் இடமே இல்லை. விளைச்சலைக் கூட்ட வாய்க்காலுக்கும் விதைக்கும் பசளைக்கும் எவ்வளவு செலவழிக்கிறோம்! அந்த விளைச்சல் மூன்று நாளில் மூடைக்குள் வெந்துபோவதைத் தடுக்க ஒரு சீமெந்துக் களம் இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. அடுத்த போகத்து ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர்த் திகதியோடு இதையும் கேளுங்கள், மெஷின் எந்த வயல் கண்டத்தில் தொடங்கி எந்த வயல் கண்டத்துக்குப் போகும், வெட்டின நெல்லை எங்கே கொட்டுவது என்று. ஒருவர் கேட்டால் காதில் விழாது, ஒரு வாய்க்காலுக்குரிய அத்தனை பேரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது என்ன? முடிந்தவரை பனி உலர்ந்தபிறகு வெட்டப் பாருங்கள். மெஷின் இரவில்தான் வரும் என்றால் வெட்டுங்கள், ஆனால் மூடையில் கட்டாதீர்கள். மேடான இடத்தில் படங்கை விரித்து மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். மழை மிரட்டினால் கூரையுள்ள எந்த இடத்திலாவது, வீட்டு விறாந்தையாக இருந்தாலும் சரி, கொட்டிச் சில மணிக்கு ஒருமுறை கிளறிக்கொண்டே இருங்கள். இது நெல்லைக் காயவைக்காது, ஆனால் வேகாமல் காப்பாற்றும். மூடையில் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் சணல் சாக்கு நல்லது, கீழே தடி போட்டு, இடைவெளி விட்டு நிமிர்த்தி வையுங்கள்.

மூதூரில் இருந்து: ஈரம் ஈரம் என்று சொல்லி மூடைக்கு ஐந்து கிலோ, ஆறு கிலோ கழிக்கிறார்கள் சேர். இதற்கு ஒரு கணக்கு இல்லையா?

இருக்கிறது, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கணக்கு. அரசாங்கம் அறிவிக்கிற உத்தரவாத விலை 14 வீத ஈரமுள்ள நெல்லுக்குத்தான், நெல் சந்தைப்படுத்தும் சபையும் அதையே அளவாக வைத்திருக்கிறது. இப்போது உங்கள் நெல் 20 வீத ஈரம் என்று வையுங்கள். 100 கிலோவில் 20 கிலோ தண்ணீர், 80 கிலோ உலர்ந்த பொருள். அந்த 80 கிலோ எப்படியும் மாறாது. அது 14 வீத ஈரத்தோடு இருந்தால் மொத்த நிறை 93 கிலோ வரும். அப்படியானால் கழிக்க வேண்டியது 7 கிலோ. ஈரம் 18 வீதம் என்றால் 4.7 கிலோ, 16 வீதம் என்றால் 2.3 கிலோ. சுருக்கமாகச் சொன்னால், 14க்கு மேலே போகிற ஒவ்வொரு வீதத்துக்கும் 100 கிலோவில் ஏறக்குறைய 1.2 கிலோ, 60 கிலோ மூடையில் 700 கிராம்.

இதை வைத்துப் பார்த்தால் 60 கிலோ மூடைக்கு 5 கிலோ கழிப்பது உங்கள் நெல் 21 வீத ஈரமாக இருந்தால் நியாயம். 16 வீதம் என்றால் 1.4 கிலோவுக்கு மேலே கழிப்பது உங்கள் உழைப்பில் கை வைப்பது. ஆக, கேட்க வேண்டியது எத்தனை கிலோ என்றல்ல, எத்தனை வீதம் என்று. ஈரமானியில் காட்டச் சொல்லுங்கள், ஒரு மூடையில் மட்டும் இல்லாமல் நாலைந்து மூடையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சப்பி என்கிற பதருக்கும் மண்ணுக்கும் கழிப்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றாகக் குழைக்க விடாதீர்கள்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்று பங்கு நெல், ஒரு பங்கு நன்றாக வறுத்து ஆறிய உப்பு போட்டு மூடி, சில நிமிடம் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 வீதத்துக்கு மேலே. ஒட்டாமல் கீழே விழுந்தால் அதற்குக் கீழே. துல்லியமான அளவு கிடைக்காது, ஆனால் வெறுங்கையோடு பேரம் பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷின் கூலிக்கும் பசளைக்கும் அதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் இந்தக் கணக்கையெல்லாம் தெரிந்திருந்தும் வாய் திறக்க மாட்டார். காயவைத்து விற்கலாம் என்று அவருக்குச் சொல்வது சுலபம், அவருக்கோ அன்றைக்கே காசு வேண்டும். ஈர நெல்லின் நட்டம் கடைசியில் காணி குறைந்தவர் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் பொதுக் களமும் கமக்காரர் அமைப்புக்கு ஒரு ஈரமானியும் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

குச்சவெளியில் இருந்து: தார் றோட்டில் காயவைத்த நெல் ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது, ஆனால் மில்லில் பாதி குறுணலாக வருகிறது. ஏன்?

ஒரே நாளில் காய்ந்துவிடுவதால்தான். மத்தியான வெயிலில் தார் கொதிக்கும்போது மணியின் வெளிப்புறம் சட்டென்று காய்கிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, அந்த இழுபறியில் மணிக்குள் மெல்லிய வெடிப்பு விழுகிறது. உமி மூடியிருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட மோசம், நன்றாகக் காய்ந்த நெல்லை இரவும் றோட்டிலேயே விட்டுவிடுவது. பனியைக் குடித்து மறுபடி ஊதும்போது விழுகிற வெடிப்புத்தான் அதிகம். அதன் மேல் வாகனம் ஏறினால் சொல்லவே வேண்டாம், கல்லும் மண்ணும் சேர்வது தனி.

நூறு கிலோ நெல்லில் 65 முதல் 70 கிலோ வரை அரிசி எடுக்கலாம், மீதி உமியும் தவிடும். அந்த 65 கிலோவில் எவ்வளவு முழு அரிசி என்பதைக் களத்தில் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், மில்காரர் இல்லை. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புங்கள், அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள், உச்சி வெயிலில் நெல்லைத் தொட முடியாத சூடு வந்தால் குவித்துக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள், மாலை பனிக்கு முன் அள்ளிவிடுங்கள். கீழே படங்கு கட்டாயம். றோட்டைத் தவிர வேறு இடமே இல்லாதவர்களை எனக்குத் தெரியும், அவர்களைத் திட்டிப் பயனில்லை, ஆனால் வளைவிலும் இருட்டிலும் நெல்லையும் கல்லையும் போட்டுவைப்பதால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் விழுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏற்கனவே வெடித்த நெல் கையில் இருந்தால் பச்சையாகக் குத்தக் கொடுக்காமல் அவித்துக் குத்துங்கள். அவிக்கும்போது மாச்சத்து இளகி வெடிப்பை ஒட்டிவிடுகிறது, குறுணல் நன்றாகக் குறையும்.

திருகோணமலை நகரில் இருந்து உயர்தர மாணவி ஒருவர்: உலக உணவில் மூன்றில் ஒன்று வீணாகிறது என்று படித்தேன். நம் நெல்லிலும் மூன்றில் ஒன்று போகிறதா?

இல்லை மகள். அந்தக் கணக்கு ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2011இல் வெளியிட்டது, வருடத்துக்கு 130 கோடி தொன் என்று. அதில் மரக்கறி, பழம், மீன், பால் எல்லாம் உண்டு, பணக்கார நாடுகளில் தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போவதும் உண்டு. அதே அமைப்பு 2019இல் அறுவடையில் இருந்து சில்லறைக் கடைக்கு வருமுன் ஏற்படும் இழப்பைத் தனியாகப் பார்த்தபோது ஏறக்குறைய 14 வீதம் என்று வந்தது. தானியத்தில் இழப்பு பழம் மரக்கறியைவிடக் குறைவு. அதற்காகச் சிறியது என்று நினைக்காதீர்கள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆபிரிக்க நாடுகளில் தானிய இழப்பின் பெறுமதி வருடத்துக்கு 400 கோடி டொலர் அளவில் இருக்கும் என்று உலக வங்கி 2011இல் மதிப்பிட்டது. வளர்முக நாடுகளில் அறுவடைக்குப் பிந்திய உணவு இழப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை முதலில் தீர்மானித்தது 1975இல், 1985க்குள் முடிப்பதாக. இப்போது 2030க்கான இலக்குகளிலும் அறுவடைக்குப் பிந்திய இழப்பைக் குறைப்பது இருக்கிறது.

இப்படியான எண்களைப் படிக்கும்போது எதை அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நிறையில் குறைந்ததையா, தரத்தில் குறைந்ததையா? தம்பலகாமத்து வாசகரின் மஞ்சள் நெல் நிறையில் அவ்வளவாகக் குறையவில்லை, நிறையை மட்டும் பார்த்தால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. அவர் வீட்டில் போய்க் கேட்டால் தெரியும்.

உங்களால் அளக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன், பாடசாலைச் செயற்றிட்டத்துக்கும் ஆகும். ஒரு அடிக்கு ஒரு அடி கம்பிச் சட்டம் செய்யுங்கள். மெஷின் போனபிறகு அது வெட்டிய அகலம் முழுவதும் பல இடங்களில் வைத்து, வைக்கோலை விலக்கிக் கீழே கிடக்கும் நல்ல மணிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். ஆயிரம் மணி 25 கிராம் என்று கொண்டால், சதுர அடிக்கு 10 மணி கிடந்தால் ஏக்கருக்கு 11 கிலோ போயிருக்கிறது. 50 மணி என்றால் 54 கிலோ, கிட்டத்தட்ட ஒரு மூடை. சம்பா போன்ற சிறிய மணி என்றால் நிறை குறையும். வெட்டாத பக்கத்திலும் எண்ணிக் கழிக்க வேண்டும், அது மெஷினுக்கு முன்பே உதிர்ந்தது. இப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மெஷின் ஓட்டுகிறவர் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்.

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி: வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்த நெல்லில் அந்து பறக்கிறது. மூடைக்குள் மாத்திரை போடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அறையில் பிள்ளைகள் படுக்கிறார்கள், பரவாயில்லையா?

வேண்டாம் தங்கச்சி, தயவு செய்து வேண்டாம். இந்தப் பதிலை அந்தப் பக்கத்து வீட்டுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அது அலுமினியம் பொஸ்பைட்டு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். சாக்கு அதைத் தடுக்காது, கதவு இடுக்கும் தடுக்காது, பக்கத்து அறைக்கும் போகும். அதற்கென்று முறிமருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள், ஆள் குடியிருக்காத களஞ்சியத்தில், காற்றுப் புகாத படங்கால் மூடிச் செய்கிற வேலை அது. ஏற்கனவே போட்டிருந்தால் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள். யாருக்காவது தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத் திணறல் இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

அந்துப்பூச்சி பல நேரம் வயலில் இருந்தே நெல்லோடு வருகிறது. குவியலின் மேற்பகுதியில்தான் அது வேலை செய்யும், ஆழத்துக்குள் போகாது. சின்ன மண்ணிற வண்டு வந்தால் அது உள்ளேயும் துளைக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்றாகக் காயவைத்து, புடைத்து, ஆறவிட்டு, மூடி இறுகுகிற சுத்தமான பிளாஸ்டிக் பீப்பாவில் வாய்வரை நிரப்பி மூடிவிடுங்கள். உள்ளே இருக்கிற கொஞ்ச ஒட்சிசனைப் பூச்சிகளே மூச்சில் முடித்துவிட்டுச் செத்துப்போகும். அடிக்கடி திறந்தால் பலன் இல்லை, அதனால் ஒரு பெரிய பீப்பாவைவிட இரண்டு மூன்று சின்னது நல்லது. மேற்கு ஆபிரிக்காவில் பயறு வகைகளை இதே முறையில் மூன்று அடுக்குப் பைகளில் வைத்துக் காக்கிறார்கள், அந்தப் பை 1980களின் கடைசியில் கமரூனில் உருவானது. ஆனால் 14 வீதத்துக்கு மேலே ஈரமுள்ள நெல்லை இப்படி அடைத்தால் புளித்து நாறும். வேப்பிலை போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரட்டும், ஏற்கனவே மணிக்குள் இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. அப்புறம், நெல்லாகவே வையுங்கள். உமி ஒரு நல்ல கவசம், குத்திய அரிசியில் வண்டு பிடிப்பது இன்னும் சுலபம்.

வெருகலில் இருந்து: மழையில் நனைந்த சோளத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். கழுவிக் காயவைத்துக் கோழிக்குப் போடலாமா?

கூடாது. சோளத்தில் வருகிற சில பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை விடும், ஈரலைத் தாக்கும், நீண்ட காலத்தில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். கழுவினாலும் அவித்தாலும் போகாது. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் ஈரத்தோடு சேமித்த சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள், வீட்டில் விளைந்த சோளம்தான் அது. கோழிக்குப் போட்டால் கோழியும் நலியும், வாத்து இன்னும் சீக்கிரம் சாகும். பூஞ்சணம் பிடித்த பொத்திகளைப் பிரித்துக் குழியில் போட்டு மூடுங்கள், பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மீதியை 13 வீதம்வரை காயவைத்துத்தான் உதிர்த்துக் கட்ட வேண்டும், மண் தரையில் குவிக்கவே கூடாது.

கந்தளாயில் இருந்து: சிறுபோகத்தில் எடுத்த நெல்லையே பெரும்போகத்துக்கு விதையாக வைக்கலாமா?

தாராளமாக. விதைக்கு என்று கலப்பில்லாத பகுதியைத் தனியாக வெட்டி, நேரடியாகத் தாரில் போடாமல் மிதமான வெயிலில் 12, 13 வீதம்வரை காயவையுங்கள். நெல்லின் சூடு 43 பாகை செல்சியசைத் தாண்டினால் முளை சாகத் தொடங்கும். ஈரம் ஒரு வீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்கள் நம்புகிற பழைய கணக்கு. விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் நூறு மணியை எண்ணி ஈரத்துணியில் கட்டி வைத்துப் பாருங்கள், 85க்கு மேல் முளைத்தால் அதையே விதைக்கலாம், குறைந்தால் வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கும்.